நாலு முள் செருகிக்கும் ஆறு கோப்புகளுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஏழு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பெட்டியை நிறுத்தினேன். க்யூநாப் டிஎஸ்-219பி. இரண்டு வட்டு போடக்கூடிய சின்ன நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி. உள்ளே மார்வெல் கிர்க்வுட் சில்லு, 1.2 கிகாஹெர்ட்ஸ் வேகம், 512 எம்பி ரேம். இன்றைக்கு இருப்பதிலேயே மலிவான ஸ்மார்ட்போனில்கூட இதைவிட அதிகம் இருக்கும். ஆனாலும் நிறுத்தும்போது கை கொஞ்சம் தயங்கியது. இந்தப் பெட்டி ஓடக் காரணமாக இருந்தவர்களுக்கு இதுவரை ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. அதனால்தான் இந்த மடல்.

பெட்டி எனக்கு வந்த கதை சுருக்கமானது. நண்பரின் ஆடிட்டர் அலுவலகம் இடம் மாறியது. பழைய யூபிஎஸ், கால் உடைந்த நாற்காலி இவற்றோடு இதுவும் காயலான் கடைக்குப் போக இருந்தது. "இத எடுத்துட்டுப் போறியா?" என்றார். எடுத்துக்கொண்டேன். அப்பா 80களில் தொடங்கி ஊர் அம்மன் கோயில் கொடைகளில் பதிவு செய்த வில்லுப்பாட்டு கேசட்டுகள் 140 வீட்டில் இருந்தன. நாடாக்களில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். சிடி தரத்தில் ஒரு நிமிஷத்துக்குப் பத்து எம்பி. ஒரு மணி நேர கேசட் 600 எம்பி. மொத்தம் 84 ஜிபி. மடிக்கணினியில் மட்டும் வைத்துக்கொள்ளப் பயமாக இருந்தது.

உள்ளபடி சொன்னால், அந்தப் பெட்டிக்குள் முன்பே லினக்ஸ் இயங்குதளம்தான் இருந்தது. இந்த வகைப் பெட்டிகள் பெரும்பாலும் அப்படித்தான். மேலே ஒரு அழகான இணையத் திரை, அடியில் லினக்ஸ் கர்னல், அதாவது வன்பொருளை இயக்கும் மையநிரல். ஆனால் அது பல வருஷம் பழையது. எனக்கு வேண்டியது நானே புதுப்பித்துக்கொள்ளக்கூடிய ஒன்று. அதாவது டெபியன், தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச லினக்ஸ் தொகுப்பு.

முதல் நன்றி மார்ட்டின் மிக்ல்மையருக்கு. 2003லிருந்து 2005 வரை டெபியன் திட்டத் தலைவராக இருந்தவர். அவருக்கு என்னைத் தெரிய வாய்ப்பில்லை. ஆனால் க்யூநாப் பெட்டிகளில் டெபியன் நிறுவுவது எப்படி என்று அவர் எழுதி வைத்த பக்கங்களை நான் அச்செடுத்து, ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுப் படித்தேன். நிறுவும் வழியை எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவர் திரும்பி வரும் வழியையும் எழுதியிருந்தார். எதையும் தொடுவதற்கு முன்னால் பெட்டியைத் தொடங்கும் நிரல்கள் இருக்கும் ஃப்ளாஷ் நினைவகத்தின் ஆறு பகுதிகளையும் பிரதி எடுத்து வேறு கணினியில் வைத்துக்கொள் என்பது அதில் ஒரு படி. எனக்கு அது வீண் வேலையாகத்தான் தோன்றியது. ஆனாலும் எம்டிடி 0 முதல் 5 வரை பெயருள்ள ஆறு கோப்புகள், சேர்த்தால் சரியாக 16 எம்பி, எடுத்து வைத்தேன். ஐந்து நிமிஷ வேலை.

இவருக்கும் இவரைப் போன்றவர்களுக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், லிங்க்சிஸ் என்எஸ்எல்யூ2 வரை போகிறது. 2004ல் வந்த பெட்டி. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. வட்டுகூட உள்ளே கிடையாது, யூஎஸ்பியில் வெளியே மாட்ட வேண்டும். 32 எம்பி ரேம், 8 எம்பி ஃப்ளாஷ். 266 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடிய இன்டெல் சில்லை 133ல் ஓட விட்டிருந்தார்கள். பலகையில் ஒரே ஒரு ரெசிஸ்டரைப் பெயர்த்தால் முழு வேகம் வந்துவிடும் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெட்டிக்கு வைத்த செல்லப்பெயருக்கு ஓடில்லாத நத்தை என்று அர்த்தம். பொருத்தமான பெயர்தான். 2007ல் வந்த டெபியன் 4.0 அந்த நத்தையையும் முறையாக ஆதரித்தது. திரை இல்லாத, விசைப்பலகை இல்லாத பெட்டிக்குள் வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்ற நெட்வொர்க் இணைப்பு வழியாகப் புகுந்து டெபியன் நிறுவலாம் என்பதை அந்தக் கூட்டம் அன்றே பழக்கமாக்கிவிட்டது. பதினோரு வருஷம் கழித்து நான் அந்தப் பாதையில் சும்மா நடந்து போனேன்.

நடந்து போனேன் என்று சொன்னேனே, முதல் நாளே தடுக்கி விழுந்தேன்.

2018 மே மாதம். இரவு பத்து மணி. ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில் இருந்தது, மடிக்கணினியில் பேட்டரி இருந்தது. பெட்டியை மட்டும் சாதாரண பிளக்கில் மாட்டியிருந்தேன். டெபியனை நிறுவும் நிரலான நிறுவியை ஃப்ளாஷில் எழுதச் சொல்லும் கட்டளையைக் கொடுத்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. ஃபேன் நின்றது, ரவுட்டர் மட்டும் பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. இருபது நிமிஷம் கழித்துக் கரண்ட் வந்தபோது பெட்டி முகப்பில் விளக்கு எரிந்தது, வட்டு சுற்றியது. ஆனால் நெட்வொர்க்கில் ஆளையே காணோம். முழுக்க என் தப்பு. இன்வெர்ட்டர் பிளக் ஒரு கை தூரத்தில்தான் இருந்தது.

இரண்டாவது நன்றி, நெல்லை ஜங்ஷன் பக்கம் செல்போன் பழுது பார்க்கும் அண்ணனுக்கு. பெட்டியைத் திறந்தால் பலகையில் நாலு முள் உள்ள ஒரு சின்ன இணைப்பு இருக்கும். சீரியல் கன்சோல். அதில் ஒயர் மாட்டினால் பெட்டி உள்ளுக்குள் என்ன பேசிக்கொள்கிறது என்பதை எழுத்தாகப் பார்க்கலாம். யூஎஸ்பி சீரியல் மாற்றியைச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து தம்பி வாங்கி அனுப்பினான். ஆனால் அந்தப் பொடி முள்ளுக்குப் பொருந்துகிற செருகி எங்கும் கிடைக்கவில்லை. அண்ணன் ஏதோ ஒரு பழைய பலகையிலிருந்து ஒரு செருகியைப் பிடுங்கி, முடி மாதிரி மெல்லிய ஒயர்களை லென்ஸ் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். மாற்றியில் நாலு ஒயர் இருந்தது. அவர் மூன்றுதான் பற்றவைத்திருந்தார். சிவப்பு ஒயரை மடக்கி டேப் சுற்றியிருந்தார்.

"அண்ணே, இது விட்டுப்போச்சே?"

"விட்டுப்போகல தம்பி, விட்டுருக்கேன். பொட்டிக்குத்தான் தனியா கரண்டு வருதுல்லா? இதுலயும் கொண்டுபோய் குடுத்தா என்னத்துக்கு ஆகும்? அப்புறம், இது மூணு புள்ளி மூணு வோல்ட்டா, அஞ்சு வோல்ட்டான்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அந்தப் பலகை 3.3 வோல்ட். மாற்றியில் இருந்த குட்டி ஜம்பர் 5ல் இருந்தது. அதையும் அவரே மாற்றிப்போட்டார். லினக்ஸ் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. பெட்டியைக் காப்பாற்றியதில் பாதி அவர்தான். காசு கேட்டதற்கு "டீ வாங்கிக் குடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து மாட்டி, வேகம் 115200 என்று வைத்துப் பெட்டியைப் போட்டேன். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடின! செத்துப்போனது என்று நினைத்த பெட்டி பேசிக்கொண்டிருந்தது. கர்னலை எழுப்பும் தொடக்க நிரலான யூ-பூட் எழுந்து, நினைவகத்தைச் சோதித்து, கர்னலை எடுத்து, அதன் சரிபார்ப்புத் தொகையைக் கூட்டிப் பார்த்து, தொகை தப்பு என்று சொல்லி நின்றது. பாதி எழுதிய கர்னலை ஓட்ட மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். நான் நிறுவியை எழுதிய இடம் வேறு, யூ-பூட் இருக்கும் 512 கேபி வேறு. அந்த முதல் அறை அப்படியே இருந்தது. யூ-பூட்டைத் தொடங்கிய வுல்ஃப்காங் டென்க் 2022ல் காலமானார். அந்தச் செய்தியைப் பார்த்தபோது எனக்கு இந்த இரவுதான் ஞாபகம் வந்தது. நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டவர்களில் அவரும் ஒருவர்.

அப்புறம் நடந்தது மார்ட்டினின் பக்கத்தில் இருந்தபடியே. எடுத்து வைத்த ஆறு கோப்புகளையும் ஒட்டி ஒரே கோப்பாக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம். எண் வரிசையில் ஒட்டினால் வேலைக்கு ஆகாது. ஃப்ளாஷில் அவை உட்கார்ந்திருக்கும் வரிசை 0, 4, 5, 1, 2, 3. ஒட்டிய கோப்பை டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை வழியாகக் கொடுக்க ஒரு கணினி தயாராக இருக்க வேண்டும். பெட்டியின் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டு, பீப் சத்தம் வந்ததும் விட வேண்டும்.

என் மடிக்கணினியில் லேன் துளை கிடையாது. பக்கத்து வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் தம்பி தன் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தான். மறுநாள் அவனுக்கு ஈடி டிராயிங் பரீட்சை. "நீ போய்ப் படிடா" என்றால் கேட்கவில்லை. அந்த லேப்டாப்பில் டிஎன்எஸ்மாஸ்க் ஓட விட்டோம். முகவரி கொடுப்பது, கோப்பு கொடுப்பது இரண்டையும் அது ஒன்றே பார்த்துக்கொண்டது. ரீசெட்டை நான் பிடித்துக்கொள்ள, சுவிட்சை அவன் போட்டான். பீப். திரையில் பெட்டி முகவரி கேட்டது, கோப்பைக் கேட்டது, இழுக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் இருவரும் வாயைத் திறக்கவில்லை. பெட்டி மறுபடி எழுந்து பழைய அழகான இணையத் திரையைக் காட்டியபோது மணி ஒன்றரை. அவன் பரீட்சையில் பாஸாகிவிட்டான் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன், அவன் அம்மா இதைப் படிக்கக்கூடும். அவர்களிடம் மன்னிப்பும்.

அடுத்த நாள், பெட்டியை இன்வெர்ட்டர் பிளக்கில் மாட்டி, மறுபடி எழுதினேன். டெபியன் 9. நிறுவி எழுந்து எஸ்எஸ்ஹெச் கதவைத் திறக்கச் சில நிமிஷம் ஆகும், பதறாதே என்று எழுதியிருந்தது. பதறினேன். கதவு திறந்தது. இரண்டு வட்டையும், ஒன்றின் பிரதியாக மற்றொன்று இருக்கும்படி, ரெய்டு 1 ஆகக் கட்டி, நிறுவி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

க்யூகண்ட்ரோல் எழுதிய பைரன் பிராட்லிக்கு ஒரு நன்றி. இந்தப் பெட்டியில் விசிறி, விளக்கு, பீப் மூன்றும் ஒரு தனிக் குட்டிச் சில்லின் கையில் இருக்கின்றன. அதனோடு சீரியல் துறை வழியாகப் பேசி விசிறி வேகத்தை மாற்றும் நிரல் அது. அதைச் சரியாக அமைக்கும் வரை பெட்டி பீப் போட்டுக்கொண்டே இருந்தது. குக்கர் விசில் என்று நினைத்து அம்மா நடுராத்திரி எழுந்து அடுப்படிக்குப் போனார். அம்மாவுக்கும் நன்றி.

விண்டோஸ் கணினிகள் கோப்பு பகிரும் எஸ்எம்பி முறையை லினக்ஸிலும் பேச வைக்கும் சாம்பாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலுக்கும். எஸ், எம், பி மூன்று எழுத்தும் அந்த வரிசையில் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடச் சொல்லி, வந்ததிலிருந்து சாம்பா என்று பெயர் வைத்தவர். கேசட் அட்டையில் அப்பா எழுதியிருந்ததைப் போலவே கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்தேன்: "முத்தாரம்மன் கொடை, இரண்டாம் நாள், சாமக்கொடை". பெட்டிக்குள் போய்ப் பார்த்தால் எல்லாம் கேள்விக்குறி. தமிழ் எழுத்துகளையும் கையாளும் யூடிஎஃப்-8 அமைப்பை வைக்க நான்தான் மறந்திருந்தேன். வைத்ததும் சாமக்கொடை சாமக்கொடையாகவே வந்தது.

இன்னொருவர் பெயர் எனக்குத் தெரியாது. புதிய கர்னலை ஃப்ளாஷில் எழுதும் ஃப்ளாஷ்-கர்னல் நிரலில் ஒரு சின்ன சோதனையை எழுதியவர். டிஎஸ்-219 ஃப்ளாஷில் கர்னலுக்கு ஒதுக்கிய அறை 2 எம்பி. கர்னலோ வெளியீட்டுக்கு வெளியீடு பருத்துக்கொண்டே போகிறது. பின்னொரு மேம்படுத்தலில், புதிய கர்னல் இந்த அறையில் அடங்காது என்று சொல்லி அந்த நிரல் எழுத மறுத்துவிட்டது. எரிச்சலாக இருந்தது. ஆனால் மறுக்காமல் எழுதியிருந்தால் மறுபடி ஜங்ஷன் அண்ணனிடம்தான் போயிருக்க வேண்டும். பழைய கர்னலோடு, வெளி இணையம் பக்கமே விடாமல், வீட்டுக்குள் மட்டும் ஓட்டினேன்.

இதற்கெல்லாம் அடியில் ஒரு சட்ட விஷயமும் இருக்கிறது. லினக்ஸை வைத்துப் பெட்டி விற்கிறவர், கேட்பவருக்கு மூலநிரலைத் தர வேண்டும் என்பது ஜிபிஎல் உரிமத்தின் நிபந்தனை. அதை ஏட்டுச் சுரைக்காயாக விடாமல், லினக்ஸ் கர்னலின் ஒரு பகுதியை எழுதியவர்களில் ஒருவரான ஹரால்ட் வெல்ட்டே நீதிமன்றம் போனார். 2004ல் மியூனிக் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அப்படி வெளியே வந்த மூலநிரல்கள்தான் மற்றவர்கள் உள்ளே நுழையக் கதவு. தான் எழுதியதற்காக வழக்குச் செலவையும் அலைச்சலையும் ஏற்றுக்கொண்ட மனிதர். பெரிய மனசு.

நிறுத்தியதற்குக் காரணம் பழுது இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ல் இந்த வகைச் சில்லுக்கு நிறுவி கிடையாது, கர்னல் பொதியும் கிடையாது. டெபியன் இத்தனை வருஷம் சுமந்ததே அதிகம், குறை சொல்ல ஒன்றுமில்லை. கேசட்டுகள் வேறொரு பெட்டிக்குப் போய்விட்டன. அதன் பிரதி ஒன்று அத்தை வீட்டில் இருக்கிறது.

பழைய பெட்டியைப் பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டிருக்கிறான். இப்போது அவன் ஓசூரில் வேலை பார்க்கிறான், பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொள்வான். மூன்று ஒயர் செருகியையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். சிவப்பு ஒயரின் டேப் ஏழு வருஷ வெயிலில் பிசுபிசுத்துவிட்டது, மாற்றியிருக்கிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
திருநெல்வேலியிலிருந்து ஒரு பயனர்

பி.கு.: உங்களிடம் இதே மாதிரிப் பெட்டி இருந்தால் என்னுடைய ஆறு கோப்புகளைக் கேட்காதீர்கள், பெட்டிக்கே உரிய நெட்வொர்க் அடையாள எண்ணான மேக் முகவரியும் அதற்குள்தான் இருக்கிறது. உங்களுடையதை நீங்களே எடுங்கள். ஒட்டும் வரிசை 0, 4, 5, 1, 2, 3. இன்வெர்ட்டர் பிளக்.