ஊர் விடுதியும் சங்கக் கட்டடமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மன் கிராமங்களில் பீரும் சாப்பாடும் விற்கும் பழைய விடுதிகள் ஒவ்வொன்றாக மூடப்படுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, இளைஞர்கள் பீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டதுதான் காரணம் என்று முடித்துவிட்டது. பீர் விற்பனை குறைந்தது உண்மை. ஆனால் பீரை மட்டும் விற்று ஒரு கிராமத்து விடுதியைக் காப்பாற்ற முடியாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 லிட்டர் பீப்பாயில் அரை லிட்டர் கோப்பைகள் நூறு. வழக்கமாக வருபவர்களுக்கென்று ஒதுக்கிய வாடிக்கை மேசைக்கு ஆறு பேர் வாரம் இரண்டு நாள் வந்து ஆளுக்கு மூன்று கோப்பை குடித்தாலும், பீப்பாய் காலியாக மூன்று வாரம் ஆகிவிடும். அத்தனை நாள் கரியமில வாயுவின் அழுத்தத்தில் நிற்கும் பீர் வாயுவை மேலும் மேலும் உள்வாங்கி, குழாயைத் திறந்ததும் நுரையாகக் கொட்டும். அழுத்தத்தைக் குறைத்தாலோ வாயு குழாய்க்குள்ளேயே பிரியும், அப்போதும் நுரைதான். நிலவறையிலிருந்து வரும் குழாய் 10 மில்லிமீட்டர் உள்விட்டமும் 10 மீட்டர் நீளமும் உள்ளதென்றால் அதற்குள் முக்கால் லிட்டருக்கு மேல் பீர் நிற்கும். ஒவ்வொரு முறை குழாயைக் கழுவும்போதும் அது சாக்கடைக்குத்தான். சிறிய பீப்பாய்க்கோ புட்டிக்கோ மாறுவதுதான் வழி.

விடுதிக்குச் சோறு போட்டது அதன் கூடம். மாடியிலோ பின்கட்டிலோ இருக்கும் அந்தப் பெரிய அறையில்தான் திருமண விருந்தும், பாடகர் சங்கத்தின் ஒத்திகையும், தன்னார்வத் தீயணைப்புப் படையின் ஆண்டுக் கூட்டமும், துப்பாக்கிச் சுடும் சங்கத்தின் நடனமும் நடந்தன. இவற்றையெல்லாம்விட விடுதிக்காரரின் திறமையைச் சோதிப்பது இழவுச் சாப்பாடு. அடக்கம் முடிந்ததும் கூட்டம் நேராக விடுதிக்கு வரும். தகவல் கிடைப்பது இரண்டு மூன்று நாள் முன்னால்தான். நாற்பது பேரா எண்பது பேரா என்பது கல்லறைத் தோட்டத்தில் தலைகளை எண்ணினால்தான் தெரியும். அதனால்தான் தெற்கே பவேரியா, ஃபிராங்கோனியா பக்கம் இதற்கு வேகவைத்த மாட்டிறைச்சியும், மூக்கில் ஏறும் காரமுள்ள ‘கிரென்’ வேரைத் துருவிச் சேர்த்த குழம்பும். இரண்டரை, மூன்று மணி நேரம் மெல்லிய சூட்டில் வெந்த இறைச்சி, பிரார்த்தனை நீண்டாலும் பானைச் சாற்றுக்குள் கெடாமல் காத்திருக்கும். அந்தச் சாறே முதலில் பரிமாறும் சூப்பும் ஆகும். ஆள் கூடினால் துண்டை மெல்லியதாக வெட்டி, உருளைக்கிழங்கைக் கூட்டிச் சமாளிக்கலாம். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த ஷ்னிட்செல் இறைச்சியைத் தட்டில் வைத்துக்கொண்டு யாருக்காகவும் காத்திருக்க முடியாது. வட ஜெர்மனியில் காபியும் வெண்ணெய்க் கேக்குமாக இதை எளிதாக முடித்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கூடத்தைக் காலியாக்கியதில் பெரிய பங்கு ஊர்க்காரர்களுடையது. கட்டுரை இதைத் தொடவே இல்லை. கால்பந்துச் சங்கம் மானியம் வாங்கி, உறுப்பினர்களின் உடலுழைப்பில் தனக்கென்று ஒரு கட்டடம் எழுப்பியது. துப்பாக்கிச் சங்கமும் தீயணைப்புப் படையும் பின்தொடர்ந்தன. அங்கே பீர் ஊற்றுபவருக்குச் சம்பளம் கிடையாது. எதிரிலிருக்கும் விடுதிக்காரரோ 2026 ஜனவரி முதல் மணிக்குக் குறைந்தது 13.90 யூரோ கொடுத்தாக வேண்டும். திருவிழாவென்றால் சங்கங்கள் தற்காலிக அனுமதி வாங்கிப் பந்தல் போட்டு விற்கின்றன. விடுதிகளுக்கு உதவி என்று உணவு மீதான மதிப்புக்கூட்டு வரியை 19 சதவீதத்திலிருந்து 7 ஆக இறக்கிய அதே திருத்தச் சட்டம், சங்கங்கள் வணிக வருமானத்துக்கு வரி கட்டத் தேவையில்லாத வரம்பையும் ஆண்டுக்கு 45,000 யூரோவிலிருந்து 50,000 ஆக ஏற்றியிருக்கிறது! பானங்களுக்கு 19 சதவீதம் அப்படியே நிற்கிறது. எனவே உணவுக்கான வரிச் சலுகை சமையலறை ஓடும் விடுதிக்குத்தான் பயன்படும்.

மூடிய விடுதியைத் திறக்க நினைப்பவர்கள் முதலில் தேதியைப் பார்க்க வேண்டும். பவேரியாவில் இன்றும் செல்லுபடியாகும் 1970ஆம் ஆண்டின் கூட்டாட்சி விடுதிச் சட்டப்படி, ஓராண்டு தொழில் நடத்தாவிட்டால் உரிமம் காலாவதியாகிவிடும். அதற்குள் விண்ணப்பித்தால் கெடுவை நீட்டிக்கலாம். தவறவிட்டால் புது உரிமம்தான். அப்போது கழிப்பறை, சமையலறைக் காற்றுப்போக்கி, கொழுப்புத் தடுப்புத் தொட்டி என்று இன்றைய விதிகளெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கூடத்தில் 200 பேருக்கு மேல் கூடுவார்களென்றால் பொதுக்கூட்ட அரங்குகளுக்கான தீப்பாதுகாப்பு விதிகளும் சேரும். மரப் படிக்கட்டு ஒன்றே வழியாக உள்ள மாடிக் கூடம் அதில் தேறாது. வெளிப்புறமாக இரண்டாவது படிக்கட்டு கட்டும் செலவைக் கேட்டே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள்.

சில ஊர்களில் மக்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து விடுதியை வாங்குகிறார்கள். மூன்று பேர் இருந்தால் பதிவு செய்யலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் பொதுவாக ஆளுக்கு ஒரே வாக்கு. தணிக்கைக் கூட்டமைப்பில் சேர்வது கட்டாயம். (1890களில் ஆங்கிலேய அதிகாரி ஃபிரெடெரிக் நிக்கல்சன் சென்னை மாகாண அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் பரிந்துரைத்த, ஜெர்மானியர் ரைஃபைசன் தொடங்கிய கிராமக் கூட்டுறவுக் கடன் வழியின் உறவுதான் இது. 1904இல் திருவள்ளூர் அருகே திரூரில் தொடங்கிய கூட்டுறவு வங்கியும் அந்தக் குடும்பமே.)

இதிலும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கூரை மாற்றுவதற்கும் சுவர் பூசுவதற்கும் ஊரே திரண்டு வரும். செவ்வாய்க்கிழமை இரவு பாத்திரம் கழுவ யாரும் வரமாட்டார்கள். கட்டடம் கூட்டுறவுச் சங்கத்தின் கையிலும், தொழில் குத்தகைக்கு எடுத்த ஒரு சமையல்காரரின் கையிலும் இருப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். அந்தக் குத்தகைதாரரைத் தேடும் முன்பே, ஆண்டுக் கூட்டத்தையும் விழாச் சாப்பாட்டையும் இனி இங்கேதான் வைப்போம் என்று ஊர்ச் சங்கங்களிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
வாசகர்,
பாம்பெர்க், ஜெர்மனி