சுவின்டன் கிடங்கிலிருந்து அப்பாவுக்கு

சுவின்டன்,
நவம்பர் 16, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாயிருக்கவும், அம்மாவின் முழங்கால் வலி மட்டுப்பட்டிருக்கவும் வேண்டுகிறேன். தொலைபேசியில் அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டு முடிப்பதற்குள் எனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. போன வாரம் நீங்கள் கேட்ட கேள்விக்கு அந்த அவசரத்தில் பதில் சொல்ல மனம் வராததால்தான் இந்தக் கடிதம். "ஆக்ஸ்போர்டில் வேலை என்று சாயர்புரம் முழுக்கச் சொல்லிவிட்டேன். நீ இருப்பதும் ஆக்ஸ்போர்டு இல்லை, பார்ப்பதும் வாத்தியார் வேலை இல்லை. கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்ல?" என்றீர்கள். கோபத்தில் கேட்கவில்லை என்று தெரியும். ஆனாலும் நான்கைந்து நாளாக அது காதிலேயே நிற்கிறது.

நான் வேலை பார்ப்பது ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்துக்குச் சொந்தமான புத்தகக் கிடங்கில். 1602இல் திறக்கப்பட்ட அந்த நூலகம், 1610இல் லண்டன் பதிப்பாளர் சங்கத்தோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. இந்த நாட்டில் அச்சாகும் நூல்களில் ஒரு படியைக் கேட்டுப் பெறும் உரிமை அதிலிருந்து தொடங்கியது. நானூறு ஆண்டுகளாக இப்படி வந்துகொண்டே இருந்தால் எந்த ஊரில்தான் இடம் போதும்? அதனால் 2010இல் இந்தச் சுவின்டன் ஊரின் ஓரத்தில் கிடங்கைக் கட்டினார்கள். அலமாரித் தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் 153 மைல் வரும். தூத்துக்குடியில் தொடங்கினால் மதுரையைத் தாண்டி ஏறக்குறைய விராலிமலை வரை போகும்.

நீங்கள் பள்ளி நூலகத்தில் இலக்கணம் ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம் என்று அடுக்கச் சொல்லித் தந்த முறை இங்கே செல்லாது. இங்கே நூலின் உயரமும் அகலமும்தான் கணக்கு. ஒரே அளவுள்ள நூல்கள் ஒரே தட்டத்தில், அதாவது டிரேயில், இருக்கும். வேத வியாக்கியானத்துக்குப் பக்கத்தில் கார் பழுதுபார்க்கும் கையேடு நிற்கும். நூலுக்கு ஒரு பார்கோடு, தட்டத்துக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று. ஆக்ஸ்போர்டில் யாரோ ஒரு மாணவி ஒரு நூலைக் கேட்டால், அது எந்தத் தட்டத்தில் இருக்கிறது என்று என் கையிலுள்ள கருவி காட்டும். இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு, ஆளையும் சேர்த்துத் தூக்கும் வண்டியில் நின்று, குறுகலான சந்துக்குள் பதினோரு மீட்டர் உயரமுள்ள அலமாரிகளுக்கு நடுவே மேலே போய் அதை எடுத்து வருவேன். எடுத்தவை வேனில் ஆக்ஸ்போர்டு போகும். முதல் சில நாட்கள் கீழே பார்க்கவே பயமாக இருந்தது. பனையேறிகளை நினைத்துக்கொண்டு சமாளித்தேன்.

வந்த இரண்டாம் மாதத்தில் ஒரு தவறு செய்தேன். திரும்பி வந்த ஒரு சிறு நூலைப் பக்கத்துத் தட்டத்தில் வைத்துவிட்டேன். பொருள்வாரியாக அடுக்கிய இடத்தில் அது எப்படியும் ஒருவர் கண்ணில் பட்டுவிடும். இங்கே பதிவு தவறினால் நூல் தொலைந்ததற்குச் சமம். மூன்று நாள் அன்றைய தட்டங்கள் ஒவ்வொன்றையும் இறக்கித் தேடினோம். கிடைத்தபோது அதை யாரும் கேட்டு நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன என்பது தெரிந்தது. என்னோடு தேடிய கோவாக்காரர், "நாளைக்கே ஒருவர் கேட்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். சுவின்டனில் கோவாக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். மீன் குழம்பு விஷயத்தில் எனக்குக் குறையில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இந்த நூலகம் தனியாக நிற்பதில்லை. பல்கலைக்கழகத்தின் தோட்டங்கள், நூலகங்கள், அருங்காட்சியகங்கள் எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் வைத்து, அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'கிளாம்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். பெயர் ஏதோ அழகுசாதனக் கடைபோல இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மொத்தம் இரண்டு கோடிக்கு மேற்பட்ட நூல்களும் பொருள்களும் மாதிரிகளும் இருக்கின்றன. ஆனால் எண்ணிக்கையைவிட என்னைக் கவர்ந்தது, இவை பிரிந்த கதைதான். நம் ஊரில் பாகம் பிரித்த பெரிய வீடு போன்றது அது.

முதலில் இருந்தது அஷ்மோலியன் அருங்காட்சியகம். 1683இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். டிரடெஸ்கன்ட் என்ற தோட்டக்காரத் தந்தையும் மகனும் சேர்த்து வைத்த விந்தைப் பொருள்களை அஷ்மோல் என்பவர் பெற்றுப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அதில் பாடம் செய்த டோடோ பறவை ஒன்றும் இருந்தது. பறவையின் உடல் போய், எஞ்சிய தலையும் காலும் 1860இல் எழுந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயின. அதே ஆண்டு அஷ்மோலின் ஏடுகளும் நூல்களும் போட்லியனுக்கு வந்தன. பிற நாட்டு மக்களின் பொருள்கள் 1886இல் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தின் பங்காயின. பழைய கட்டடம்கூட அஷ்மோலியனிடம் மிஞ்சவில்லை; இப்போது அது அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம். 1931இல் ஐன்ஸ்டைன் எழுதிய கரும்பலகையை அழிக்காமல் அங்கே மாட்டி வைத்திருக்கிறார்கள். தினமும் கரும்பலகையை அழிக்கச் சொல்லி மாணவரை ஏவிய உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இப்படி அடுப்பு தனித்தனியாகப் போனவர்கள் இப்போது மறுபடியும் ஒரே குடும்ப அட்டையில் பெயர் எழுதியிருக்கிறார்கள்.

பிட் ரிவர்ஸில் நாடுவாரியாக எதையும் வைக்கவில்லை. உலகெங்கிலுமுள்ள விளக்குகள் ஓரிடம், தூண்டில்கள் ஓரிடம் என்று இருட்டான கண்ணாடிப் பெட்டிகளில் நெருக்கி வைத்திருக்கிறார்கள். பார்க்கச் சலிக்காது. ஆனால் இவையெல்லாம் எப்படி வந்தன என்ற கேள்வியும் கூடவே நடந்து வரும். அந்தக் கேள்வியை அவர்களே இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த, சுருக்கிய மனிதத் தலைகளை 2020இல் காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நம் பக்கத்து விஷயம் ஒன்றும் உண்டு. அஷ்மோலியன் 1967இல் லண்டன் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனி, கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சுந்தரப்பெருமாள்கோவில் சௌந்தரராஜப் பெருமாளுடைய கோயிலுக்கு உரியது. 1957இல் அந்தக் கோயிலில் வைத்து எடுத்த புகைப்படம் ஒன்று புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பில் இருந்தது; ஆய்வாளர் ஒருவர் அதைக் கண்டு சொன்னபின், அருங்காட்சியகம் தானே இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவித்தது. 2024 மார்ச்சில் பல்கலைக்கழக மன்றம் திருப்பித் தர இசைந்தது. யாரோ பத்திரப்படுத்திய ஒரு புகைப்படம் இல்லாவிட்டால் ஆழ்வார் இந்த ஊர்க்காரராகவே இருந்திருப்பார். அந்தப் படத்தை எடுத்து அடுக்கி வைத்தவரும் என்னைப் போன்ற ஒரு கிடங்குக்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வால்டன் தெருவில் உள்ள கல்லறைத் தோட்டத்துக்கும் போய் வந்தேன். ஜி.யு. போப் கல்லறையில் 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று எழுதியிருக்கிறது என்று நீங்கள் வகுப்பில் ஆண்டுதோறும் சொன்னீர்கள். மன்னிக்க வேண்டும் அப்பா, அப்படி இல்லை. தென்னிந்தியாவைச் சேர்ந்தவர், இப்பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்றும், இந்தக் கல்லை அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் வைத்தார்கள் என்றும்தான் இருக்கிறது. எனக்கு இதுவே பெரிதாகப்பட்டது. போப் ஊழியம் செய்த நம் சாயர்புரத்துக்காரர்கள் யாராவது அந்தக் கல்லுக்குக் காசு கொடுத்திருப்பார்களோ என்று யோசித்தபடி நெடுநேரம் நின்றேன். படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன். பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

இனி நான் கேட்க வேண்டியது. புன்னைக்காயலில் இருந்த ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியார், குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் செய்வோருக்காகத் தமிழில் எழுதி 1580இல் கொச்சியில் அச்சிட்ட நூல் போட்லியனில் இருக்கிறது. தொலைந்தே போனது என்று நெடுங்காலம் எண்ணியிருந்த நூல் அது. அதைப் பார்க்க வேண்டுமென்று விண்ணப்பித்திருக்கிறேன். வாசகராகச் சேரும்போது, நூலகத்துக்குள் தீயோ சுடரோ கொண்டுவரமாட்டேன், மூட்டமாட்டேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும், எடுத்துவிட்டேன். வரும் வியாழக்கிழமை வரச் சொன்னால் போவேன். அந்தக் காலத்து எழுத்தில் புள்ளி இருக்காது, குறிலும் நெடிலும் ஒன்றுபோல நிற்கும் என்று நீங்கள் ஓலைச்சுவடி பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். எகர ஏகாரம், ஒகர ஓகாரம், ரகரம், துணைக்கால் ஆகியவற்றை எப்படிப் பிரித்து வாசிப்பது என்று ஒரு தாளில் எழுதி, புதன்கிழமைக்குள் தம்பியின் போனிலிருந்து அனுப்பி வையுங்கள். தட்டச்சு வேண்டாம், உங்கள் கையெழுத்திலேயே இருக்கட்டும்.

அம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்