கிஹ்னு பெண்கள் கட்டுவது வேடமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எஸ்தோனியாவின் கிஹ்னு தீவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகத்தான் பிரித்தேன். 'சுற்றுலாப் பயணிகளுக்காகப் பெண்கள் கோடு போட்ட பாவாடை கட்டி நிற்கிறார்கள்' என்ற வரியைப் படித்ததும் மனசு கசந்துவிட்டது.

எஸ்தோனியத் தலைநகர் தாலினில் வேலை பார்க்கும் மகனோடு போன கோடையில் நான் அங்கே போயிருந்தேன். முனலாயு துறையிலிருந்து சுமார் ஒரு மணி நேரக் கப்பல் பயணம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மா கட்டியிருந்த கம்பளிப் பாவாடை ஏறக்குறைய கறுப்பு. ஊடே மெல்லிய நீலக் கோடுகள். மற்றவர்கள் எல்லாம் சிவப்பில் இருக்க இவருக்கு மட்டும் ஏன் என்று மகனை விட்டுக் கேட்டேன். கணவர் தவறிச் சில மாதம்தான் ஆகிறதாம். துக்கம் ஆற ஆறப் பாவாடையில் சிவப்பு ஏறும் என்றார். அப்புறம் என் சேலைக் கரையைத் தொட்டு, தறியில் நெய்ததா என்று கையை ஆட்டிக் கேட்டார். அந்த அம்மா எந்தப் பயணிக்காக வேடம் போட்டார், சொல்லுங்கள்.

'ஆண்களே இல்லாத தீவு' என்று தலைப்பு வேறு. ஆண்கள் மீன்பிடிக்கவும் கடல்நாய் வேட்டைக்கும் போய் நாள்கணக்கில் திரும்பாததால், வயலும் வீடும் பாட்டும் நெசவும் பெண்கள் கையில் நின்றன. பக்கவண்டி பூட்டிய மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். அதே பாவாடையோடுதான். கல்யாணப் பாட்டையும் சேர்த்து அந்த வாழ்க்கை முழுவதையும்தான் யுனெஸ்கோ 2003-ல் மானுட மரபாக அறிவித்தது. தங்களுக்குத் தெரியாததல்ல.

இது முதல் தடவையும் இல்லை. 1991-ல் சோவியத்திலிருந்து விடுபட்ட எஸ்தோனியாவை முன்பு ஒரு பயணக் கட்டுரையில் 'ரஷ்யாவின் அழகிய மூலை' என்று போட்டீர்கள். எழுதினேன், பதில் இல்லை. அடுத்த கடிதத்தை இரண்டு வரியாக வெட்டிப் போட்டீர்கள். இருபது வருட வாசகி என்ற உரிமையில்தான் வருத்தப்படுகிறேன்.

நான் கேட்பது பெரிதல்ல. 'அது அவர்கள் அன்றாடம் உடுத்தும் துணி' என்று அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். அங்கே போகிறவர்கள் கேட்டுவிட்டுப் படம் எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகி, திருச்சி