பழைய சர்வரை அணைக்கும் முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நகராட்சியின் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கிளவுடுக்கு, அதாவது வேறெங்கோ இருக்கும் சர்வர்களை இணையம் வழியாக வாடகைக்குப் பயன்படுத்தும் முறைக்கு, மாற்றப் போகிறோம் என்ற பேச்சு எங்கள் ஊரிலும் வந்துவிட்டது. நான் வேறொரு நகராட்சியில் கணினிப் பிரிவில் ஒப்பந்த ஊழியராகப் பல வருடம் வேலை பார்த்தவன். மாற வேண்டும், சீக்கிரமே மாற வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் பழைய சர்வரை அணைக்கும் முன்னால் நகராட்சி ஒரு காரியத்தை, பேக்கப் என்னும் மாற்று நகலிலிருந்து தரவை மீட்டெடுப்பதை, செய்து காட்ட வேண்டும், அது முடியாமல் எந்த நிறுவனத்துக்கும் பில் பாஸ் ஆகக் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஏன் மாற வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் சர்வர் ரூம் என்று சொன்னது ரெக்கார்டு ரூமில் பிளைவுட் அடித்துத் தடுத்த ஒரு மூலை. யுபிஎஸ் பேட்டரிகளின் முனையில் உப்புப் பூத்துக் கிடக்கும், அதற்கு மேலே பலகையில் பழைய கேட்புப் பதிவேடுகள் (யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்ற கணக்கு) கட்டுக்கட்டாக இருக்கும். பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க் எங்கே என்று கேட்டால் அதே அறையில் இருக்கும் பீரோவைக் காட்டுவார்கள். தீப்பிடித்தாலும் தண்ணீர் புகுந்தாலும் அசலும் நகலும் சேர்ந்தே போகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியது. அப்படி ஒரு மழை நான் வேலை பார்த்த ஊரில் பெய்திருந்தால் தரைத்தளத்தில் இருந்த அந்த மூலையில் எதுவும் மிஞ்சியிருக்காது.

சொத்து வரி கட்டும் வேலை ஏற்கெனவே மாநிலம் முழுவதற்கும் பொதுவான இணையதளத்துக்குப் போய்விட்டது. அதில் கூட்டம் எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏப்ரல் 30க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதனால் கடைசி நாட்களில் ஊரே ஒரே நேரத்தில் உள்ளே வரும், அக்டோபரிலும் இதே கதைதான். அந்தச் சில நாட்களுக்காக வருடம் முழுக்கப் பெரிய சர்வர் வாங்கி வைப்பது வீண் செலவு. கூட்டம் வரும்போது கூட்டிக்கொண்டு, போனதும் குறைத்துக்கொள்ள முடிவதுதான் கிளவுடின் உண்மையான பலன். இன்னும் ஊர் அலுவலகங்களிலேயே கிடப்பது மற்றவைதான்: பழைய வரிக் கணக்குகள், ஸ்கேன் செய்த பழைய பதிவேடுகள், கட்டட அனுமதி வரைபடங்கள், ஒப்பந்தக் கோப்புகள், தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் வரைபடங்கள், மன்றத் தீர்மானங்கள். இவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது.

இப்போது அந்த ஒரு காரியம். கிளவுடில் போட்டுவிட்டால் பத்திரம் என்று அதிகாரிகளும் நம்புகிறார்கள், கவுன்சிலர்களும் நம்புகிறார்கள். தென்கொரிய அரசும் அப்படித்தான் நம்பியது. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜோன் நகரில் இருக்கும் அவர்களுடைய தேசியத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. அரசின் 709 கணினி அமைப்புகள் நின்றன. அதில் ஜி-டிரைவ் என்பது அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலகக் கோப்புகளைச் சேமித்து வைக்க அரசே நடத்திய கிளவுட். அதிலிருந்த 858 டெராபைட் எரிந்து போனது. வெளியே எங்கும் நகல் இல்லை. ஏனென்று கேட்டதற்கு, அளவு மிகப் பெரியது, அதனால் பேக்கப் எடுக்கவில்லை என்றார்கள். கணினித் துறையில் உலகத்துக்கே முன்னால் நிற்கும் நாட்டில் இது நடந்தது. கிளவுட் என்பதும் எங்கோ ஒரு ஊரில், ஒரு கட்டடத்தில், பேட்டரியோடு இருக்கிற சர்வர்தான். இரண்டாவது நகல் வேறு ஊரில் இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை, அதை யாரும் தானாகச் செய்து தர மாட்டார்கள்.

இதற்கு நேர் எதிராக ஆஸ்திரேலியாவில் ஒன்று நடந்தது. யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். 2024 மே மாதம் கூகுள் கிளவுட் பக்கம் நடந்த ஒரு தவறால் அவர்கள் அங்கே வைத்திருந்த கிளவுட் அமைப்பே அழிந்துவிட்டது. ஏறக்குறைய ஒரு வாரம் சேவை முடங்கியது, ஆனால் எல்லாவற்றையும் மீட்டார்கள். முன்யோசனையோடு இன்னொரு நிறுவனத்திடமும் ஒரு பேக்கப் வைத்திருந்தார்கள், அது கைகொடுத்தது.

பேக்கப் இருக்கிறது என்று காகிதத்தில் எழுதிக் கொடுப்பது ஒன்று, அதிலிருந்து மீட்டெடுப்பது வேறொன்று. நான் கேட்பது இந்த இரண்டாவதைத்தான். ஒரு சனிக்கிழமை, புதிதாக ஒரு காலி மெஷின், பக்கத்தில் நிறுவனத்தின் ஆள் நிற்கலாம் ஆனால் கீபோர்டைத் தொடக் கூடாது. நகராட்சி ஊழியர் பேக்கப்பை எடுத்து அதில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு ஒரு வார்டை எடுத்துக்கொண்டு மொத்தக் கேட்பு எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று பழைய சர்வரோடு ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் ரெக்கார்டு ரூமிலிருந்து கைக்குக் கிடைத்த கோப்புகளை உருவி, அதே பக்கங்கள் திரையில் முழுசாக வருகிறதா, முத்திரையும் கையெழுத்தும் படிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து ஆணையரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இதை ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும். பெரிய செலவு எதுவும் இல்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் ஒரு மென்பொருளின் ஒப்பந்தம் முடிந்தபோது, எங்கள் தரவைக் கொடுங்கள் என்று அந்த நிறுவனத்திடம் கேட்டோம். கொடுத்தார்கள், பிடிஎஃப்பாகக் கொடுத்தார்கள். பக்கம் பக்கமாக அச்சடித்த மாதிரி. டேட்டாபேஸாகவோ எக்செல்லாகவோ தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கூட இல்லை, அதனால் சண்டை போடவும் வழியில்லை. ஊர் மக்களுடைய வரிக் கணக்கை, ஊர்க் காசில் ஏற்கெனவே ஒரு முறை ஏற்றியதை, நாங்கள் மறுபடியும் உட்கார்ந்து டைப் அடித்தோம். இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டுக்குப் போன நாட்கள் அவை. கிளவுட் ஒப்பந்தத்தில் இது இன்னும் மோசமாகலாம், ஏனென்றால் தரவை வெளியே எடுப்பதற்கே தனிக் கட்டணம் போடும் வழக்கம் அந்தத் தொழிலில் உண்டு. வெளியேறும்போது எந்த வடிவத்தில், எத்தனை நாளில், கூடுதல் காசில்லாமல் தருவார்கள் என்பதை உள்ளே போகும்போதே எழுதி வாங்கிவிட வேண்டும்.

சரி, நகல் பத்திரமாக இருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பது சரியா? இங்கேதான் இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சியைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1999 முதல் ஓடிக்கொண்டிருந்த எஸ்ஏபி என்ற கணக்கு மென்பொருளை விட்டு 2022 ஏப்ரலில் ஆரக்கிள் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கிளவுடுக்கு மாறினார்கள். சுமார் 2 கோடி பவுண்டில் முடியும் என்று தொடங்கிய வேலை 10 கோடி பவுண்டைத் தாண்டியது. பழைய வேலைமுறையை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ப மென்பொருளை வெட்டி ஒட்டியது பெரிய தவறு. வங்கிக்கு வந்த பணம் எந்தக் கணக்கில் சேர வேண்டும் என்று ஒத்துப் பார்க்கும் பகுதி சரியாக ஓடவில்லை, ஊழியர்கள் உட்கார்ந்து கையால் சேர்த்தார்கள், நம்பத்தகுந்த கணக்கே மாநகராட்சியால் காட்ட முடியாமல் போனது. 2023 செப்டம்பரில் அந்த மாநகராட்சி கிட்டத்தட்ட திவால் அறிவிப்பே வெளியிட்டது. அதற்கு முக்கியக் காரணம் பெண் ஊழியர்களுக்குச் சம ஊதியம் தராமல் சேர்ந்த பாக்கிதான், ஆனாலும் இந்தக் கணினிச் செலவும் நெருக்கடியைக் கூட்டியது.

நம் ஊரில் மென்பொருளுக்கும் முன்னால் தரவே கோளாறு. ஒரே வீட்டுக்கு இரண்டு வரிவிதிப்பு எண் இருக்கும், வீடு கட்டி முடித்த பிறகும் காலிமனை வரி தனியாக ஏறிக்கொண்டே இருக்கும், இறந்துபோனவர் பெயரில் ரசீது வரும், பழைய கதவு எண்ணும் புதிய கதவு எண்ணும் கலந்து கிடக்கும். இதை அப்படியே தூக்கிப் புதிய இடத்தில் போட்டால் தப்பும் அதே தப்பாகப் போய் உட்காரும், திருத்துவதுதான் இன்னும் கஷ்டமாகும். எந்தத் தெருவில் எந்தப் பதிவு தப்பு என்று பில் கலெக்டர்களுக்கு மனப்பாடம். மாற்றுவதற்கு முன்னால் அவர்களை வார்டு வாரியாக உட்கார வைத்துப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கன்சல்டன்சிக்கும் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். அதன் பிறகும் ஒரு அரையாண்டு முழுக்கப் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும்.

பணத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். சர்வர் ஒரு தடவை வாங்குவது, அதற்கு ஏதாவது மானியம் வரும். கிளவுட் மாத வாடகை, அது நகராட்சியின் சொந்த வருவாயிலிருந்து போக வேண்டும். ஒப்பந்ததாரர்களுக்குப் பில் பல மாதம் நிலுவையில் கிடப்பது எந்த நகராட்சியிலும் புதிதில்லை. கிளவுட் பில் நிலுவையில் விழுந்தால் சேவையே நிறுத்தப்படலாம், அப்போது கவுண்டரில் நிற்கிற ஆளுக்கு என்ன பதில்? பட்ஜெட்டில் இதற்கென்று தனித் தலைப்பு வைத்துத் தொகையை முன்னாலேயே ஒதுக்க வேண்டும். அதோடு அலுவலகத்துக்கு இரண்டு இணைய இணைப்பு, இரண்டும் வெவ்வேறு வழியாக வரும்படி. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டும்போது ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டால் அன்றைக்கு அலுவலகம் முழுக்க வேலை நிற்கும்.

இதையெல்லாம் ஒரு சின்னப் பேரூராட்சி தனியாகச் செய்ய முடியாது. அரசு அலுவலகங்களுக்கான மத்திய அரசின் கிளவுட் திட்டமான மேகராஜ் பத்து வருடத்துக்கு மேலாக இருக்கிறது, தணிக்கை முடித்து அங்கீகரித்த கிளவுட் நிறுவனங்களின் பட்டியலும் இருக்கிறது. அதற்கு மேல் நம் மாநிலத்துக்கு வேண்டியது ஒரு மாதிரி ஒப்பந்தம். நகராட்சி நிர்வாக இயக்குநரகமும் பேரூராட்சிகள் இயக்குநரகமும் சேர்ந்து அதை எழுதிக் கொடுத்தால் 400-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏமாற வேண்டியதில்லை.

அதுவரை, மன்றக் கூட்டத்தில் இந்தப் பொருள் வாசிக்கப்படும்போது கவுன்சிலர்கள் கை தூக்கி, மீட்டெடுக்கும் சோதனை எந்தத் தேதியில், நம் ஊழியர்களில் யார் செய்யப் போகிறார் என்று கேளுங்கள், பதிலை மினிட் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நகராட்சி கணினிப் பிரிவின் முன்னாள் ஒப்பந்த ஊழியர் ஒருவர்