கேட்டுக்கு உள்ள இருந்த சிகரெட்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளா உங்க பேப்பர்ல ஹாஸ்டல் வாழ்க்கையைப் பத்தி வாசகர்கள் எழுதுறத ஒண்ணு விடாம படிச்சிட்டு வரேன். எல்லாரும் சந்தோஷமா எழுதுறாங்க, சுவர் ஏறிக் குதிச்சு செகண்ட் ஷோ போனது, பாத்ரூம்ல ஒளிஞ்சு தம் அடிச்சது, வார்டன் கண்ணுல மண்ணைத் தூவுனதுன்னு. படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு மட்டும் அந்த தம் அடிச்ச கதை வரும்போதெல்லாம் நெஞ்சுல ஏதோ அடைக்குது, அதைச் சொல்லாம விட்டா சரியா வராதுன்னுதான் இதை எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கணும்.

தென் மாவட்டத்துல கத்தோலிக்க சாமியார்கள் நடத்துற ஒரு ஹாஸ்டல்ல 7 வருஷம் இருந்தவன் நான். 1978-ல ஆறாம் கிளாஸ் சேர்ந்து 1985-ல பிளஸ் டூ முடிச்சு வெளிய வந்தேன். பேரு வேண்டாம். அவங்க போட்ட சோத்துலயும் அவங்க சொல்லிக் கொடுத்த கணக்குலயும்தான் நான் ஆளானேன், அந்த நன்றி சாகுற வரைக்கும் இருக்கும். காலைல 5 மணிக்கு பெல், பல்லு விளக்கி முடிக்கிறதுக்குள்ள கோயில்ல பூசை, அப்புறம் ஸ்டடி, அப்புறம்தான் கஞ்சி. சாப்பாட்டு ரூமை ரெஃபெக்டரின்னுதான் சொல்லுவோம், அங்க பேசக்கூடாது, ஒரு பையன் நின்னு புனிதர் சரித்திரம் வாசிப்பான், மணி அடிச்சாதான் வாயத் திறக்கலாம். பொட்டி வைக்கிற இடத்துல இருந்து செருப்பு கழட்டுற இடம் வரைக்கும் எல்லாத்துக்கும் ஒரு சட்டம் இருந்துச்சு.

ஆனா அந்தச் சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு இல்ல. இங்கதான் விஷயம் இருக்கு.

நான் சேர்ந்த அதே 1978-லதான் தமிழ்நாட்டுல பிளஸ் டூ வந்துச்சு. அதுக்கு முன்னாடி எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சவன் பி.யு.சி.ங்கிற புகுமுக வகுப்பு படிக்க காலேஜ் போயிருவான், ஸ்கூல் ஹாஸ்டல்ல மீசை வச்ச பையனே அதிகம் கிடையாது. திடீர்னு 16, 17 வயசு பசங்க பிளஸ் டூவுக்காக ஸ்கூல்லயே இருக்க வேண்டிய நிலைமை. அதுல பாதிப்பேரு வேற ஊர்ல இருந்து புதுசா வந்தவங்க. இவங்களை ஸ்கூல் பையன் மாதிரி நடத்துறதா காலேஜ் பையன் மாதிரி நடத்துறதான்னு சாமியார்களுக்கே பிடிபடல போல. அதனால சலுகை கொடுத்தாங்க. மாடில தனி டார்மிட்டரி, ஃபேன் உண்டு. லுங்கி கட்டிக்கலாம். நாங்க 9 மணிக்குப் படுக்கணும், அவங்க 11 வரைக்கும் லைட் போட்டுக்கலாம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சா அவுட்டிங், டவுனுக்குப் போய் டீ குடிச்சிட்டு வரலாம். ரெஃபெக்டரில அவங்க பரிமாற வேண்டாம், தட்டு கழுவ வேண்டாம். இதெல்லாம் தப்புன்னு சொல்ல மாட்டேன், வயசுக்கு ஏத்த மரியாதை வேணும். ஆனா யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு சலுகையும் இதோட சேர்ந்து வந்துச்சு. மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னாடி அவங்க சிகரெட் பிடிச்சா ஹாஸ்டலைப் பாத்துக்குற பிரதர் அந்தப் பக்கம் போக மாட்டாரு.

ஃபாதர்மாரே பிடிப்பாங்க, வாத்தியார்கள் ஸ்டாஃப் ரூம்ல பிடிப்பாங்க, அந்தக் காலத்துல அது யாருக்கும் பெரிசாத் தெரியல, பஸ்ல கூட முன் சீட்டுக்காரர் பிடிச்சிட்டு வருவார். எங்க வார்டன் ஃபாதருக்கு ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் வில்ஸ் ஃபில்டர். அதை வாங்கிட்டு வர ஒரு பையன் வேணும். ஏழாம் கிளாஸ்ல அந்தப் பையனா என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்.

எனக்கு அப்போ 12 வயசு. அது எவ்வளவு பெரிய கௌரவம்னு ஹாஸ்டல்ல இருந்தவங்களுக்குத்தான் புரியும். 300 பசங்க கேட்டுக்கு உள்ள இருக்கையில நான் மட்டும் சாயங்காலம் கேட்டைத் திறந்து வெளிய போவேன். வாட்ச்மேன் தாத்தா ஒண்ணும் கேக்க மாட்டாரு. ரோட்டைத் தாண்டினா பெட்டிக்கடை, தூண்ல தேங்காநார்க் கயிறு தொங்கும், நுனி எப்பவும் கனிஞ்சிட்டே இருக்கும், வர்றவன் போறவன் எல்லாம் அதை எடுத்து வாய்ல இருக்கிற பீடில வச்சு ஒரு இழு இழுத்துட்டு விட்டுருவான், கயிறு ஆடிட்டே நிக்கும். நான் நின்னு அதையேதான் பாப்பேன். கடைக்காரர் பாக்கெட்டோட ஒரு தேன் மிட்டாயும் தருவார். திரும்பி வரும்போது பாக்கெட்டை மூக்குல வச்சு மோந்து பாத்துக்கிட்டே வருவேன், பிரிக்காத பாக்கெட்டுக்கு காய்ஞ்ச திராட்சை மாதிரி ஒரு வாசனை இருக்கும். பாக்கெட் ஓரத்துல பொடி எழுத்துல இங்கிலீஷ்ல ஒரு வரி இருக்கும், 1976-ல இருந்து அரசாங்கம் போடச் சொன்ன எச்சரிக்கை அது. தமிழ் மீடியம் பையன் எழுத்துக் கூட்டி வாசிச்சேன், இன்ஜூரியஸ்னா என்ன ஃபாதர்னு அவர்கிட்டயே கேட்டேன். உடம்புக்குக் கெடுதல்னு அர்த்தம், இன்னைக்கு நீ ஒரு புது வார்த்தை கத்துக்கிட்டன்னு சொல்லி தலையத் தடவிக் கொடுத்தார். நல்ல மனுசன். எனக்கு டைபாய்டு வந்தப்போ மூணு ராத்திரி கட்டில் பக்கத்துல சேர் போட்டு உக்காந்திருந்தவர். அவருக்கு அதுல ஒரு தப்பும் தோணல, எனக்கும் தோணல.

ஃபாதருக்கு வாங்கப் போறவன்னு தெரிஞ்சதும் பிளஸ் டூ அண்ணன்கள் அவங்க காசையும் என்கிட்டதான் கொடுப்பாங்க. எனக்குக் கிடைச்ச சம்பளம் என்னன்னா, என்னை ஒருத்தனும் அடிக்க மாட்டான். கிணத்தடில குளிக்கும்போது எனக்கு இடம் விடுவாங்க. கோயில்ல தூபக்கால் கரி மூட்டுறதுக்கு தீப்பெட்டி வச்சிருக்கிற பூசை உதவிப் பையனுக்கும் இதே மரியாதை, ஏன்னா நெருப்பு அவன்கிட்டதான் இருந்துச்சு.

இப்போ நான் சொல்ல வந்ததைச் சொல்றேன். எட்டாம் கிளாஸ்ல என் பக்கத்துக் கட்டில் பையன், தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். அவன் அம்மா பீடி சுத்துறவங்க. அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு அதுதான் பொழப்பு. ஒரு தடவை பரீட்சை லீவுக்கு அவன் வீட்டுக்குப் போயிருக்கேன். திண்ணைல காலை நீட்டி மடில சொளவு வச்சு உக்காந்திருப்பாங்க, முந்தின நாள் நனைச்ச இலையை தகரத்த அளவா வச்சு வெட்டி, தூளைப் போட்டு, விரல் போற வேகம் கண்ணுக்கே தெரியாது, சுத்தி நூலைக் கட்டி அடுத்தது எடுத்துருவாங்க. ஆயிரம் பீடி சுத்தினாதான் கூலி. பேச்சுக்கு நடுவுல இருமிக்கிட்டே இருப்பாங்க, தூள் நெஞ்சுல போய் அடையும். அவன் சாப்பிட உக்காரும்போது அம்மா கை வாசனை பிடிக்காம சோத்தை அவனே போட்டுக்குவான். பீடின்னா அவனுக்குக் குமட்டும்.

அவன் பொட்டில ஒரு பீடிக் கட்டு இருந்ததை பிரதர் பிடிச்சாரு. 1980, மழைக்காலம். ஒரு பிளஸ் டூ அண்ணன், காசு முடிஞ்சு போனதால, ஊருக்குப் போறப்போ உங்க அம்மாகிட்ட இருந்து ஒரு கட்டு எடுத்துட்டு வாலேன்னு சொல்லியிருந்தான். சொன்னப்போ நான் பக்கத்துலதான் நின்னேன். கேட்டுக்குப் பக்கத்துல, சிகரெட் பாக்கெட்டைக் கைல வச்சுக்கிட்டு.

ரெஃபெக்டரில எல்லார் முன்னாடியும் முட்டி போட வச்சாங்க. பிரம்பு. யாருக்காக கொண்டு வந்தன்னு கேட்டப்போ அவன் சொல்லல, சொன்னா மாடி டார்மிட்டரில என்ன நடக்கும்னு அவனுக்குத் தெரியும். 13 வயசுல பீடி குடிக்கிற பையன் மத்தவங்களையும் கெடுத்துருவான்னு டி.சி. கொடுத்து அனுப்பினாங்க. அவன் அம்மா வந்து ஆபீஸ் வராந்தால நின்னாங்க, சேலைத் தலைப்பை வாய்ல வச்சு இருமலை அடக்கிட்டு. அன்னைக்கு சாயங்காலமும் நான் கேட்டைத் திறந்து ஃபாதருக்கு வில்ஸ் வாங்கப் போனேன். ஒரு வார்த்தை பேசல. சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன், பரிகாரமா மூணு அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். வார்டன்கிட்ட போய்ச் சொல்ல எனக்கு தைரியம் வரல. சொன்னா அந்த கேட் எனக்குத் திறக்காது.

அடுத்த வருஷம் நானும் தொழுவத்துக்குப் பின்னாடி போக ஆரம்பிச்சேன். 14 வயசு. ருசிக்காக இல்ல. அது நமக்கு வரப்போற இடம், கொஞ்சம் முன்னாடியே போய் உக்காருறோம்னு தோணிச்சு. 1983 ஜூன் 25 ராத்திரி, லார்ட்ஸ்ல இந்தியா வெஸ்ட் இண்டீஸை ஜெயிச்சப்போ நான் பிளஸ் ஒன். சின்னப் பசங்க எல்லாம் தூங்கப் போயாச்சு, எங்களுக்கு மட்டும் வார்டன் ரூம் வராந்தால டிரான்சிஸ்டர் கேக்க அனுமதி. நடுராத்திரி ஆச்சு. கடைசி விக்கெட் விழுந்ததும் ஃபாதர் எழுந்து நின்னு கை தட்டினாரு, அப்புறம் பாக்கெட்டைத் திறந்து எங்க முன்னாடி நீட்டினாரு. நாங்க 7 பேரு, ஆளுக்கு ஒண்ணு எடுத்தோம். அந்த நிமிஷம் நான் பெரியவன் ஆயிட்டேன்னு நினைச்சேன். 2011-ல இதயத்துல ரெண்டு ஸ்டென்ட் வச்சப்புறம்தான் விட்டேன், 30 வருஷம். ஃபாதர் அதுக்கு முன்னாடியே நுரையீரல் போய், வயசான சாமியார்கள் இருக்கிற இல்லத்துல ஆக்சிஜன் குழாயோட இறந்தாரு. நான் பாக்கப் போனப்போ என் சட்டைப் பைய மட்டும் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல.

இப்போ காலம் மாறியிருக்கு, மறுக்கல. 2003 சட்டப்படி பள்ளிக்கூடத்துல இருந்து 100 கெஜத்துக்குள்ள சிகரெட் பீடி விக்கக்கூடாது, 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு எங்கயுமே விக்கக்கூடாது. 2008 அக்டோபர் 2-ல இருந்து பொது இடத்துல பிடிச்சா 200 ரூபா வரைக்கும் அபராதம். 2015 சிறார் நீதிச் சட்டத்துல குழந்தைக்கு புகையிலை கொடுத்தா 7 வருஷம் வரைக்கும் ஜெயில். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018-ல இருந்து வத்திக்கான்லயே சிகரெட் விக்கிறத நிறுத்தினாரு, வருமானம் போனாலும் பரவால்ல, ஜனங்க உடம்பைக் கெடுக்குற காசு வேண்டாம்னு. கத்தோலிக்கனா எனக்கு அதுல ரொம்பப் பெருமை. சில ஸ்கூல் முன்னாடி ரோட்டுல மஞ்சள் கோடு போட்டு புகையிலை இல்லாத பகுதின்னு எழுதியிருக்காங்க, அதுவும் நல்லது.

ஆனா அந்தக் கோடு கேட்டுக்கு வெளிய இருக்கு. என்னைக் கெடுத்தது கேட்டுக்கு உள்ள இருந்துச்சு. மத்திய அரசு 2019-ல ஸ்கூல் பிள்ளைங்ககிட்ட எடுத்த சர்வேல, சிகரெட் பிடிச்ச பிள்ளைங்கள்ல 38 சதவீதம் பேர் 10 வயசு முடியுறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சதா வந்திருக்கு. 10 வயசுப் பிள்ளை சொந்தக் காசுல ஆசைப்பட்டு போய் வாங்கிருக்குமா? ஏதோ ஒரு பெரியவரு, ஏதோ ஒரு அண்ணன், போய் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாடான்னு அனுப்பியிருப்பாங்கன்னுதான் என் மனசு சொல்லுது. யாருக்குச் சலுகை, யாருக்குப் பிரம்புன்னு பெரியவங்க பிரிக்கிறதைப் பாத்துதான் பிள்ளைங்க எது வேணும்னு முடிவு பண்ணுது.

அந்தப் பையனை அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி பாவூர்சத்திரம் மார்க்கெட்ல பாத்தேன், காய்கறி கமிஷன் வியாபாரம், நல்லா இருக்கான். அம்மா எப்பவோ போய்ச் சேந்துட்டாங்களாம். டீக்கடைல உக்காந்து அந்த பீடிக் கட்டு யாருக்குன்னு எனக்குத் தெரியும்லேன்னு ஆரம்பிச்சேன், குரல் வரல. அவன் டீயை ஆத்திக்கிட்டே, "நீ கேட்டுகிட்ட நின்னத பாத்தேம்ல"ன்னு மட்டும் சொன்னான். அப்புறம் தக்காளி விலையப் பத்தி பேச ஆரம்பிச்சிட்டான்.

ஹாஸ்டல் நடத்துறவங்க உங்க பேப்பர் படிப்பாங்க, எந்த மதத்துக்காரங்களா இருந்தாலும் சரி, அரசாங்க விடுதியா இருந்தாலும் சரி, அவங்ககிட்ட ஒண்ணு கேக்கிறேன். உங்க கேட்ல ஒரு நோட்டு இருக்கும், வெளிய போற பையன் பேரு, போன நேரம், வந்த நேரம். அதுல யாரோட வேலைக்காகப் போறான், என்ன வாங்கப் போறான்னு இன்னும் ரெண்டு கட்டம் போடுங்க. அந்த நோட்டை வருஷத்துக்கு ஒரு தடவை பெத்தவங்க கூட்டத்துல மேசை மேல வையுங்க, புரட்டிப் பாக்கட்டும். எங்க ஹாஸ்டல்லயும் அப்படி ஒரு நோட்டு இருந்துச்சு. ஏழாம் கிளாஸ்ல இருந்து பத்தாம் கிளாஸ் வரைக்கும், நாலு வருஷமும், என் பேருக்கு நேரா ஆபீஸ் வேலைன்னுதான் எழுதியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பழைய ஹாஸ்டல் மாணவன்,
திருநெல்வேலி