குளியலறையில் ஒரு கைபிடி: கொழும்பின் பழம்பெரும் ஹோட்டல் ஒன்றின் முகாமைத்துவத்துக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய முகாமைத்துவத்தினருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் இரண்டாம் மாடி அறையில் குளிக்கப் போன என் அம்மா விழப்பார்த்தது உங்களுக்குத் தெரியும். முகாமையாளர் உடனே வந்து மன்னிப்புக் கேட்டார். அப்புறம், "இது பழைய கட்டடம், எதையும் மாற்ற முடியாது" என்றார். அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. கொழும்பில் கிளினிக் என்றால் திருகோணமலையில் இரவு ரயில் ஏறி விடியக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்குவோம். வழக்கமாக வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில்தான் நிற்போம். இந்த முறை உங்களிடம் வந்தது அப்பாவால். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தபோது ஒருமுறை உங்கள் விறாந்தையில் தேநீர் குடித்தாராம். சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவை ஓர் இரவாவது அங்கே தங்கவைக்க வேண்டும் என்று காசு சேர்த்தேன்.

உயர்ந்த கூரை, தேக்குத் தளபாடம் எல்லாம் அப்பா சொன்னபடியே இருந்தன. குளியலறையில் கால்கள் உள்ள பழைய இரும்புத் தொட்டி. அதன் விளிம்பு அம்மாவின் முழங்காலுக்கு மேலே. சுவரில் பிடிக்க ஒன்றுமில்லை. ஒரு காலை உள்ளே வைத்தவர் மற்றக் காலைத் தூக்க முடியாமல் தடுமாறித் திரைச்சீலையைப் பிடித்தார். அது வளையங்களோடு அறுந்து வந்தது. நான் இடுப்பைப் பிடித்திராவிட்டால் மாபிள் தரையில் தலை அடிபட்டிருக்கும். வாளி கேட்டோம். தரை கழுவுகிற வாளி வந்தது. இரவு முழுக்க ரயிலில் இருந்து வந்தவர், "வேண்டாம் பிள்ளை, துணியை நனைச்சுத் துடைச்சுவிடு, காணும்" என்றார். எங்கள் கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணற்றிலும் மாறி மாறி அள்ளிக் குளித்து வளர்ந்த மனுசி அவர்.

ஒரு கைபிடி பூட்டுங்கள். கேட்பது அவ்வளவுதான். கட்டடம் எழுந்த காலத்தில் ஏசியும் இல்லை, வைஃபையும் இல்லை. அவற்றுக்காக அதே சுவர்களைத் துளைத்திருக்கிறீர்கள். கைபிடிக்கு மட்டும் பழமை ஏன் குறுக்கே வருகிறது? வலுவிழந்தோர் உரிமைகளுக்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. இவற்றை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் ஊரிலும் பஸ்ஸின் முதல் படியில் ஏற அம்மாவுக்கு இரண்டு பேர் வேண்டும். வங்கிக்குப் போனால் வாசல் படிகளைப் பார்த்துவிட்டு என்னைத்தான் உள்ளே அனுப்புவார். வயசானவர்கள் வீட்டோடு கிடக்கட்டும் என்று எல்லாரும் முடிவெடுத்துவிட்டார்களா? மன்னியுங்கள், இதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை.

10 வீத சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் சேர்ந்த பில்லை முழுதாகக் கட்டிவிட்டுத்தான் வந்தோம். அதில் ஒரு சதமும் திருப்பிக் கேட்கவில்லை. தயவுசெய்து ஒரு கைபிடி, குந்தியிருந்து குளிக்க ஒரு சின்னக் கதிரை, ஒரு சுத்தமான வாளி. ஓர் அறையிலாவது வையுங்கள்.

மூன்று மாதத்தில் அம்மாவுக்கு அடுத்த கிளினிக். பூட்டிவிட்டால் ஒரு வரி அறிவியுங்கள். அந்த அறையையே பதிவு செய்கிறேன்.

நன்றியுடன்,
ஒரு மகள்,
உப்புவெளி, திருகோணமலை.