கிறிஸ்துமஸ் வரட்டும், அதற்கு முன் காத்திருப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நவம்பர் கடைசியிலேயே நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்துவிடுகின்றன, டிசம்பர் முதல் வாரத்திலேயே கிறிஸ்துமஸ் பாடல் பாடும் கேரல் குழுக்களும் வீடு வீடாக வந்துவிடுகின்றன. சந்தோஷம்தான். ஆனால் இது இன்னும் கிறிஸ்துமஸ் இல்லை, அதற்கு ஆயத்தமாகும் நான்கு வாரத் திருவருகைக் காலம் என்பதைக் கிறிஸ்தவர்களாகிய நாமே மறந்துகொண்டிருக்கிறோமே என்பதுதான் என் கவலை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கத்தோலிக்கத் திருப்பலி வழிபாட்டில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதில்லை, குருவானவர் ஊதா உடையில் வருகிறார். மூன்றாம் ஞாயிறு மட்டும் மகிழ்ச்சி ஞாயிறு என்பதால் இளஞ்சிவப்பும் உடுத்தலாம் (எனக்கு மிகவும் பிடித்த நாள் அது). டிசம்பர் 16 வரை ஆண்டவர் மீண்டும் வருவார் என்ற எதிர்பார்ப்புதான் வழிபாட்டில் முன்னே நிற்கிறது, 17 முதல்தான் இயேசு பிறந்த பெத்லகேமை நோக்கி நேராகத் திரும்புகிறோம்.

சரி, ஆயத்தம் என்றால் என்ன? லூக்கா நற்செய்தி 3ஆம் அதிகாரத்தில் மக்கள் இதையேதான் திருமுழுக்கு யோவானிடம் கேட்கிறார்கள். அவர் நீண்ட ஜெபம் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை; இரண்டு அங்கி இருந்தால் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடு என்கிறார், வரி வசூலிப்பவரிடம் கூடுதலாக வாங்காதே என்கிறார், படைவீரரிடம் மிரட்டிப் பணம் பறிக்காதே என்கிறார். நம் வீட்டுக்கு புதுத்துணி எடுக்கும்போதே இன்னொரு வீட்டுக்கும் எடுக்கலாம், பேச்சு நின்றுபோன உறவுக்கு ஒரு போன் செய்யலாம், அப்புறம் குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்தைக் கடைசி நாள் வரிசைக்குத் தள்ளிவைக்காமல் இப்போதே போகலாம்.

கிறிஸ்துமஸ் சிறப்பிதழ் வெளியிடும் தங்கள் நாளிதழ், இந்த நான்கு வாரங்களுக்கும் ஒரு சின்னப் பகுதி ஒதுக்கினால் மிகவும் மகிழ்வோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்